பழைய கோ பலகையை இழைத்துப் புதுப்பிக்கலாமா?

கோடுகள் சந்திக்கும் இடங்களில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இருவர் ஆடும் கோ விளையாட்டில் அண்மையில் ஈடுபாடு கொண்ட வாசகர் ஒருவர், தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். காலி செய்யப்பட்ட ஒரு வீட்டின் பொருட்களோடு விற்பனைக்கு வந்த, நான்கு குட்டைக் கால்கள் கொண்ட தடித்த மரப் பலகையை அவர் வாங்கியிருக்கிறார். ஜப்பானியர்கள் தரையில் அமர்ந்து ஆடுவதற்காகச் செய்யும் வகை அது. ‘ஷின்-கயா மரம், 1847ஆம் ஆண்டுப் பலகை’ என்று விற்றவர் எழுதியே கொடுத்திருக்கிறார். பலகையின் நீளம் 45.4 செ.மீ., அகலம் 42.3 செ.மீ., கனம் 14.4 செ.மீ. கால்களோடு எடை 12.6 கிலோ. மேல்முகத்தில் கோப்பை வைத்த வட்டக்கறை, மூலைகளில் அழுக்கு, ஆங்காங்கே தேய்ந்த கோடுகள். ஒரு பக்கத்தில் விரல் நீள விரிசல். அடிப்புறத்தில் கூம்பாகக் குடைந்த ஒரு பள்ளம். பலகையை மூடும் மர மூடியின் உட்புறத்தில் தூரிகையால் எழுதிய வரிகள் உள்ளன. கைபேசிச் செயலி அவற்றை ‘ஷோவா 47, நினைவுப் பரிசு’ என்று மொழிபெயர்த்திருக்கிறது.

அவருடைய கவலைகள் பல. பலகை சதுரமாக இல்லை, ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது என்று நினைக்கிறார். தச்சு வேலை தெரிந்த மைத்துனர், மேல்முகத்தை இயந்திரத்தால் மூன்று மில்லிமீட்டர் தேய்த்து, விரிசலில் எபாக்ஸிப் பசை ஊற்றி, அழியா மார்க்கரால் கோடு போட்டு, பாலியூரித்தேன் வார்னிஷ் பூசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடியிலுள்ள பள்ளம் ‘வெட்டிய தலையின் இரத்தம் வடிவதற்காக’ என்று எங்கோ படித்த மாமியார், பலகை வீட்டுக்குள் இருக்கவே கூடாது என்கிறார். இது கோ பலகைகளுக்குப் பெயர்பெற்ற உண்மையான கயா மரம் இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்பது கடைசிக் கேள்வி. பலகையோடு வந்த வெள்ளைக் காய்களை வினிகரில் ஊறவைத்து வெளுக்கலாமா என்று பின்குறிப்பிலும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கேட்காமலே அளவெடுத்து, எடை போட்டு, மூடியின் எழுத்தையும் படித்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ‘பழைய பலகை, பழுப்பு நிறம், என்ன மரம்?’ என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. நீங்கள் தந்த எண்களை வைத்தே பாதி விடையைச் சொல்லிவிடலாம்.

மைத்துனரின் இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பலகை கயாவாக இருந்தாலும் சரி, வேறு மரமாக இருந்தாலும் சரி, இந்தப் பதில் மாறாது. இது என்ன பலகை என்பதைக் காட்டும் தடயங்கள் அத்தனையும் அவர் தேய்த்தெடுக்க நினைக்கும் அந்த மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. கோடு போட்ட முறை, காய் விழுந்த தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஏறிய நிறம் எல்லாம் அங்கேதான். பணம் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால் உங்கள் சான்றும் அதே மில்லிமீட்டர்களில்தான் இருக்கிறது.

சதுரமாக இல்லாதது குறையல்ல

உங்கள் பலகை சுருங்கவில்லை. கோ பலகை பிறக்கும்போதே சதுரமல்ல. ஜப்பானில் நிலைபெற்ற அளவு 45.45 செ.மீ. நீளம், 42.42 செ.மீ. அகலம். ஆடுபவர் பலகையைச் செங்குத்தாக மேலிருந்து பார்ப்பதில்லை, தம் இருக்கையிலிருந்து சாய்வாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் நீளவாட்டு இடைவெளி குறுகித் தெரியும். அதை ஈடுகட்டத்தான் நீளம் சற்றுக் கூட்டப்பட்டிருக்கிறது. கட்டங்களும் அப்படியே: ஒரு திசையில் கோட்டுக்குக் கோடு 23.7 மி.மீ., மறுதிசையில் 22 மி.மீ.

ஓர் அளவுகோலை எடுத்து இதையும் சரிபாருங்கள். பத்தொன்பது கோடுகளுக்கு இடையே பதினெட்டு இடைவெளிகள். அப்படியானால் கோடுகள் பரவியிருக்கும் பகுதி 42.7 செ.மீ.க்கு 39.6 செ.மீ. வர வேண்டும், நான்கு ஓரங்களிலும் சுமார் 14 மி.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். ஓரங்கள் சமமாக இருந்தால் பலகையை யாரும் வெட்டிக் குறைக்கவில்லை என்று நம்பலாம். ஒரு பக்கம் மட்டும் குறுகலாக இருந்தால் எப்போதோ சிதைந்த ஓரத்தை யாரோ அறுத்து எடுத்திருக்கக்கூடும்.

உங்கள் அளவுகளில் தெரியும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் மரம் காய்ந்ததால் வரும் இயல்பான குறைவு. மூன்று சென்டிமீட்டர் உண்மையிலேயே சுருங்கியிருந்தால் விரல் நீள விரிசலோடு நின்றிருக்காது, பலகை பிளந்து போயிருக்கும்.

1847 எங்கிருந்து வந்தது?

மூடியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். விற்றவர் ‘47’ என்ற எண்ணைப் பார்த்து, பலகையின் பழுப்பு நிறத்தையும் பார்த்து, முன்னால் ‘18’ சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது. செயலி சரியாகப் படித்திருந்தால் அது ஜப்பானிய ஆட்சியாண்டு. ஷோவா ஆண்டுக்கணக்கு 1926இல் தொடங்கி 1989இல் முடிகிறது. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைக்கும். 47 என்பது 1972. அந்த ஆண்டில் யாருக்கோ நினைவுப் பரிசாக இந்தப் பலகை வழங்கப்பட்டிருக்கிறது. பரிசளித்த நாள் அது, செய்த நாள் அதற்குச் சில காலம் முன்னதாக இருந்திருக்கலாம். மூடி வேறொரு பலகைக்கு உரியதாகவும் இருக்கலாம் என்பதால், அது பலகையில் கச்சிதமாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பக்கவாட்டில் தெரியும் ஆண்டு வளையங்களை எண்ணினால் வயது தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வளையங்கள் மரத்தின் வாழ்நாளைச் சொல்லும், பலகையின் வயதைச் சொல்லாது. இருநூறு வளையங்கள் உள்ள கட்டையிலிருந்து போன ஆண்டு செய்த பலகையிலும் அதே இருநூறு வளையங்கள்தான் இருக்கும்.

மூடியிலுள்ள எழுத்துகளை எந்த நிலையிலும் துடைக்காதீர்கள், ஈரத்துணி படவிடாதீர்கள். பலகையின் அடிப்புறத்திலும் எழுத்து இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அங்கே கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கிடைத்தால் ஜப்பானியத் தூரிகை எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அச்செழுத்துக்குப் பழகிய செயலிகள் கையெழுத்தில் எளிதாகத் தடுமாறும்.

கயாவா, இல்லையா?

உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய செய்தி இதுதான். ‘ஷின்-கயா’ என்பது கயா அல்ல, கயாவில் ஒரு வகையும் அல்ல. அது வணிகப் பெயர். கயாவைப் போன்ற வெளிர் மஞ்சள் நிறம் இருப்பதால், பெரும்பாலும் அலாஸ்கா முதலிய இடங்களிலிருந்து வந்த ஸ்ப்ரூஸ் மரத்தை அந்தப் பெயரில் விற்கிறார்கள். சில நேரம் வேறு ஊசியிலை மரங்களும் அதே பெயரில் வரும். விற்றவர் அந்த வணிகச் சொல்லைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அதை உண்மைக் கயா என்று எடுத்துக்கொண்டது நீங்கள். இந்த நுட்பம் உங்கள் கடைசிக் கேள்விக்குத் தேவைப்படும்.

உண்மையான கயா மிக மெதுவாக வளரும் ஊசியிலை மரம். தாவரவியலில் டோரேயா நூசிஃபெரா. ஒரே கட்டையில் தடித்த பலகை எடுக்கும் அளவுக்கு அது பருக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். வெட்டிய பிறகும் கட்டையைப் பல ஆண்டுகள் உலர்த்துவார்கள். ஜப்பானின் மியாசாகிப் பகுதிக் கயாவுக்குத் தனி மதிப்பு உண்டு. காய் விழுந்து ஏற்படும் சிறு பள்ளங்கள் தாமாகவே மெல்ல மேலெழும் அளவுக்கு அந்த மரத்துக்கு மீள்தன்மை இருப்பதுதான் ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டாடுவதற்கு முக்கியக் காரணம். கயா கிடைக்காதபோது, அல்லது கட்டுப்படியாகாதபோது, கட்சுரா, ஹிபா, ஜிங்கோ, அகாதிஸ், ஸ்ப்ரூஸ் என்று பல மரங்களில் பலகைகள் செய்யப்பட்டன.

உங்களிடம் இருப்பது எது? எடையைப் பார்ப்போம். உங்கள் அளவுகளைப் பெருக்கினால் பலகையின் கன அளவு ஏறக்குறைய 27,650 கன சென்டிமீட்டர். கால்கள் நான்கும் சேர்ந்து ஒரு கிலோ என்று கொண்டால் பலகை மட்டும் 11.6 கிலோ. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.42 கிராம் வருகிறது. கயாவின் சராசரி அடர்த்தி சுமார் 0.53. அதே கட்டை கயாவாக இருந்தால் கால்கள் இல்லாமலே பதினான்கரைக் கிலோவைத் தொட்டிருக்கும். ஸ்ப்ரூஸ் 0.42ஐ ஒட்டியே நிற்கும். மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும் என்பதால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் மூன்று கிலோ வித்தியாசத்தை அலட்சியப்படுத்தவும் முடியாது.

அடுத்து மூக்கு. கயாவுக்கு இனிமை கலந்த பிசின் மணம் உண்டு, பல பத்தாண்டுகள் கழித்தும் அது முழுவதும் போகாது. மேல்முகத்தை முகர்ந்து பயனில்லை, அங்கே கைகளின் எண்ணெயும் மெழுகும்தான் மணக்கும். பலகையைப் போர்வை விரித்த தரையில் கவிழ்த்து, ஒரு காலை மெதுவாக அசைத்துக் கழற்றுங்கள். பெரும்பாலும் பசையில்லாமல், குழியில் இறுக்கமாகச் செருகித்தான் வைத்திருப்பார்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். எந்தக் கால் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று சிறு காகிதத்தில் குறித்து வையுங்கள். அந்தக் குழிக்குள் மணம் அடைபட்டிருக்கும். தைலம் போன்ற காரமான வாசனை தூக்கலாக அடித்தால் ஹிபா என்று சந்தேகிக்கலாம். மணமே இல்லையென்றால் ஸ்ப்ரூஸ் பக்கம் தராசு மேலும் சாயும்.

அதே குழிதான் கண்ணுக்கும் நல்ல இடம். குழியின் நான்கு சுவர்களில் இரண்டில் மரத்தின் குறுக்குவெட்டு தெரியும். புதிய பிளேடால் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். வெளியே யாருக்கும் தெரியாத இடம் என்பதால் பலகைக்குக் கேடில்லை. மிக நுண்ணிய துளைகள் சீராகப் பரவியிருந்தால் அது அகன்ற இலை மரம், பெரும்பாலும் கட்சுரா. துளைகளே இல்லாமல், வளையங்களின் அடர்ந்த பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அவை பிசின் குழாய்கள். ஸ்ப்ரூஸில் அவை உண்டு, கயாவில் கிடையாது. துளையும் இல்லை, புள்ளியும் இல்லை, வளையங்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன என்றால் கயாவுக்கு வாய்ப்பு திறந்திருக்கிறது. வளையங்களே மங்கலாக இருந்தால் அகாதிஸாக இருக்கலாம்.

ஐயம் தீராவிட்டால் மர உடற்கூறு ஆய்வகத்தில் தீக்குச்சித் தலை அளவு மரத்துணுக்கு போதும். கயா இனத்தின் இழைச் செல்களின் உட்சுவரில் சுருள்சுருளான தடிப்புகள் உண்டு, ஸ்ப்ரூஸின் இழைச் செல்கள் அப்படித் தெரிவதில்லை. எனினும் ஜப்பானியக் கயாவா, அதன் சீன உறவு மரமா என்பதை நுண்ணோக்கியும் எளிதில் பிரித்துச் சொல்லாது. ‘மியாசாகிக் கயா’ என்று யாராவது சொன்னால் மரத்தைவிட அதனுடன் வரும் தாள்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கோடுகளையும் பாருங்கள். கைவிளக்கைப் பலகைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்தால், உருஷி என்னும் மர அரக்கால் போட்ட கோடுகள் மேற்பரப்பிலிருந்து மயிரிழை அளவு எழும்பி நிற்பது தெரியும், நகத்துக்கும் தட்டுப்படும். மழுங்கிய வாள் விளிம்பில் அரக்கைத் தடவி, பலகைமேல் அழுத்திக் கோடிடும் முறை இன்றும் கைவினைஞர்களிடம் இருக்கிறது. அச்சிட்ட கோடுகள் தட்டையாகக் கிடக்கும். வாள்கோடு இருந்தால் பலகை விலையுயர்ந்த மரம் என்றாகிவிடாது, யாரோ அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள். கோடுகள் சந்திக்கும் சில இடங்களில் இட்டிருக்கும் சிறு கறும்புள்ளிகளை விண்மீன் புள்ளிகள் என்பார்கள், அவை ஒன்பது இருக்கின்றனவா என்றும் எண்ணுங்கள். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் உள்ள எட்டாம் நூற்றாண்டுப் பலகையில் பதினேழு புள்ளிகள், கொரியாவின் பழைய ஆட்டமுறைப் பலகைகளிலும் பதினேழுதான். உங்கள் பலகையில் ஒன்பதுக்கு மேல் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், கதை சுவாரசியமாகிவிடும்.

மூலைகளில் அழுக்கும் தேய்மானமும் கூடுதல் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் குறையாகப் பட்டியலிட வேண்டாம். கோ ஆட்டம் மூலைகளில்தான் தொடங்கும். அங்கே தேய்ந்து நடுவில் தேயாமல் இருப்பது, பலகை காட்சிக்கு நிற்காமல் ஆடப்பட்டதற்கான சான்று.

அடியிலுள்ள பள்ளம்

ஆட்டத்தின் நடுவே வாய் திறந்து யோசனை சொன்னவனின் தலையை வெட்டி அந்தப் பள்ளத்தில் வைப்பார்கள் என்ற கதை ஜப்பானிலேயே உலவுகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கான மிரட்டல் அது, அவ்வளவே. தடித்த கட்டையின் உட்பகுதி, வெளிப்பகுதியைவிட மெதுவாகக் காயும். நடுவில் குடைந்துவிட்டால் உள் இறுக்கம் தளர்ந்து, மேல்முகம் வெடிப்பது குறையும். காய் வைக்கும்போது எழும் ஒலிக்கும் அது உதவுகிறது என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். கவிழ்த்துப் போட்டு மாமியாருக்குக் காட்டுங்கள், உளிச்சுவடுகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பரிசாக வழங்கப்பட்ட பலகை என்ற மூடியின் செய்தியையும் சேர்த்துச் சொன்னால் அவர் மனம் இளகலாம்.

என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன: சுத்தம் செய்து மெழுகிட்டு ஆடத் தொடங்குவது, தேய்ந்த கோடுகளை மட்டும் தொட்டுச் சரிசெய்வது, மேல்முகம் முழுவதையும் இழைத்துப் புதுக் கோடு போடுவது. முதலாவதைத் திரும்பப் பெறலாம், இரண்டாவதைப் பாதி திரும்பப் பெறலாம், மூன்றாவதைத் திரும்பப் பெறவே முடியாது. அந்த வரிசையிலேயே போக வேண்டும். பெரும்பாலான பலகைகள் முதல் வழியிலேயே நின்றுவிடும் என்பது என் கருத்து.

தொடங்குவதற்கு முன் பூச்சி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலகையை வெள்ளைத் தாளின்மேல் சில வாரங்கள் வையுங்கள். சிறு ஓட்டைகள் பழையனவாக இருக்கலாம், ஆனால் தாளில் புதிதாக மாவுபோல் தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. அப்போது வேறெந்த வேலையும் வேண்டாம், மற்ற மரச்சாமான்களிலிருந்து பலகையைப் பிரித்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சுத்தம் செய்வதை உலர் முறையில் ஆரம்பியுங்கள். மென்தூரிகையால் தூசியைத் தட்டியபின், அழுக்கு படிந்த இடங்களில் மென்மையான வெள்ளை அழிப்பானை அழுத்தாமல், மர இழை ஓடும் திசையில் தேயுங்கள். எவ்வளவு அழுக்கு இப்படியே வந்துவிடும் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். மீதி இருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். எதையும் முதலில் அடிப்புறத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மேலே கொண்டுவர வேண்டும். இழைகள் முடியும் இரு பக்கங்களிலும் ஈரம் படவே கூடாது, மரம் நீரை உறிஞ்சும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. சோப்பு, பிளீச், அசிட்டோன் எதுவும் வேண்டாம். கோப்பைக் கறை வெண்மையாக இருந்தால் அது மெழுகோடு நின்றிருக்கும், மெழுகைப் புதுப்பிக்கும்போது மறையலாம். பழுப்பாக இருந்தால் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அதை விட்டுவிடுங்கள். ஒரு வட்டக்கறைக்காக மேல்முகம் முழுவதையும் பலி கொடுப்பதில் நியாயமில்லை.

பிறகு சில நாள் உலரவிட்டு, தேன்மெழுகும் கார்னாபா மெழுகும் கலந்த பசையை மிகச் சிறிதளவு துணியில் எடுத்துத் தடவி, மெல்லிய பளபளப்பு வரும்வரை தேயுங்கள். சமையல் எண்ணெய்கள் காலப்போக்கில் சிக்குப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் மரத்தைக் கருக்கும், அதில் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே தீப்பற்றும் அபாயமும் உண்டு. சிலிக்கோன் கலந்த மினுக்குத் தெளிப்பான்களைத் தொடவே தொடாதீர்கள். பின்னாளில் யாராவது புதுக் கோடு போட முயன்றால் அந்த இடத்தில் அரக்கு ஒட்டாது.

இப்போது விரிசல். எபாக்ஸி யோசனை எனக்குக் கவலை தருகிறது. காற்றில் ஈரம் கூடினால் மரம் குறுக்குவாட்டில் விரியும், அப்போது விரிசல் தானாகவே நெருங்கும். உள்ளே கெட்டியான எபாக்ஸி நின்றால் கதவிடுக்கில் சிக்கிய கல்லைப் போல அது மரத்தை மூடவிடாது, அழுத்தம் வேறெங்கோ போய்ப் புதிய வெடிப்பாக வெளிவரும். விரிசலின் உட்சுவர் அழுக்கேறிக் கறுத்திருந்தால் அது பழையது, பலகை அதோடு சமாதானமாகிவிட்டது. வெளிறிப் புதிதாகத் தெரிந்தால்தான் கவனம் தேவை. விரிசலின் நுனிக்குப் பக்கத்தில் சிறு காகித நாடாவை ஒட்டி, தேதி எழுதி, ஈரமான பருவம் ஒன்றும் உலர்ந்த பருவம் ஒன்றும் கடக்கும்வரை பாருங்கள். ஈரப்பதம் பெரிதாக ஏறி இறங்காத அறை, நேர் வெயில் படாத இடம், குளிர்சாதனத்தின் காற்று நேரே வீசாத மூலை: விரிசலுக்கு இவைதான் மருந்து. 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் நல்லது. அதைவிட முக்கியம் அது சீராக இருப்பது.

பாலியூரித்தேன் பூச்சும் இதே காரணத்தால் தவறு. மேல்முகத்தை மட்டும் அடைத்துவிட்டு அடிமுகத்தைத் திறந்து விட்டால் இரு முகங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை வாங்கிவிடும், பலகை குழிய வாய்ப்புண்டு. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும் பளபளப்பும் ஆடுவதற்கு இடைஞ்சல்.

தேய்ந்த கோடுகளைப் பொறுத்தவரை, ஆடும்போது கண்ணுக்குத் தடுமாற்றம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவேன். தாங்க முடியவில்லை என்றால் மார்க்கர் மட்டும் வேண்டாம், அதன் மை ஸ்ப்ரூஸின் இழை வழியே கசிந்து பரவி, ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பூரான் ஆக்கிவிடும். விடுபட்ட துண்டின்மேல் மட்டும் ஆல்கஹாலில் கரைத்த செல்லாக் அரக்கை (உருஷி அல்ல) மெல்லிதாகத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் கோட்டுப் பேனாவால் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தில் இழுக்கலாம். செல்லாக் கரையக்கூடியது என்பதால் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். மெழுகு பூசுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், வேண்டாத மரத்துண்டில் கை பழகிய பிறகே பலகைக்கு வர வேண்டும். மைத்துனரின் நிதானமான கை இங்கேதான் உண்மையில் உதவும். உருஷியையே வாங்கி முயல நினைத்தால், உலராத உருஷி தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் கொப்புளமும் வரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். காய்வதற்கும் அதற்கு ஈரமான காற்று வேண்டும். வீட்டில் முதல் முயற்சியாகச் செய்யும் வேலையல்ல அது.

முழுதாக இழைத்துப் புதுக் கோடு போடும் வேலையை ஜப்பானில் பலகை செய்யும் பட்டறைகள் செய்து தருகின்றன. சீவியெடுப்பது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், கையால் இழைப்பார்கள். கயா என்று உறுதியானால் அந்தச் செலவை யோசிக்கலாம். பன்னிரண்டு கிலோ ஸ்ப்ரூஸைக் கடல் தாண்டி அனுப்பி வாங்குவது பலகையின் மதிப்பைவிடக் கூடுதலாகிவிடும்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

நான் வழக்கறிஞர் அல்ல. தனியாரிடம் வாங்கிய பழைய பொருளுக்கான உரிமைகள் நாட்டுக்கு நாடு மாறும், கெடு நாட்களும் மாறும். ஆனால் எந்த இடத்திலும் பொருந்தக்கூடிய நடைமுறை ஒன்றைச் சொல்ல முடியும். மரத்தைப் பற்றிய உங்கள் முறையீடு பலவீனமானது. அவர் ‘ஷின்-கயா’ என்றுதான் எழுதினார், பலகையும் அதுவாகவே தோன்றுகிறது. ‘1847’ வேறு விஷயம். அது எழுத்தில் இருக்கும் உறுதிமொழி, மூடியோ 1972 என்கிறது. பழமைக்காகக் கூடுதல் விலை கொடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் கேட்பது நியாயம். மூடியின் படத்தோடு, குற்றம்சாட்டாத தொனியில், இப்போதே எழுதுங்கள். ஏமாற்றும் எண்ணத்தைவிட அறியாமையே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பதில் வரும்வரை அழிப்பானைக்கூட எடுக்க வேண்டாம். சுத்தம் செய்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்க அவருக்கு அது ஒரு சாக்காகிவிடும்.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய வெடிப்பில்லாத, மூடியோடு கூடிய, ஆடப்பட்ட தடிப்பலகை ஸ்ப்ரூஸாக இருந்தாலும் ஆடுவதற்கு மிக நல்லது. காய் விழும் ஒலி கயாவைவிடச் சற்று மென்மையாக இருக்கும், தழும்புகள் சற்று எளிதில் விழும். நாளை நீங்களே இதை விற்க நேர்ந்தால் மட்டும் ‘ஷின்-கயா, அதாவது ஸ்ப்ரூஸ்’ என்று முழுதாக எழுதுங்கள்.

வெள்ளைக் காய்களை வினிகரில் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இணையான மெல்லிய வரிகள் தெரிந்தால் அவை சிப்பி ஓட்டில் கடைந்தவை, அமிலம் அவற்றின் மேற்பரப்பைக் கரைத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். வரிகளே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் கண்ணாடி, மென்சோப்பு நீரில் கழுவலாம். முழுத் தொகுதிக்குக் கறுப்பு 181, வெள்ளை 180. எண்ணிப் பார்த்துச் சில குறைந்தாலும் கவலை வேண்டாம், ஆட்டங்கள் பொதுவாகப் பலகை நிரம்பும் முன்பே முடிந்துவிடும்.

மறுபடி எழுதும்போது மூன்று படங்கள் அனுப்புங்கள்: கால் குழிக்குள் சீவிய குறுக்குவெட்டை லென்ஸ் வழியாக எடுத்தது, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு மூலையின் கோடுகள், விரிசலின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தது. அவற்றைப் பார்த்துவிட்டு, மரம் எது என்பதை இப்போதைவிட உறுதியாகச் சொல்கிறேன்.